மேக் மில்லர்: நீந்திக்கொண்டே இருந்த குரல்

26 வயதில் இறந்துபோன அமெரிக்க ராப்பர் அவர். ஒருமுறைகூட அவரை நேரில் பார்த்திராத லட்சக்கணக்கானவர்கள் இன்றும் அவர் பாட்டைத் தங்கள் வீட்டு மனிதரின் குரலைப்போலப் பாதுகாக்கிறார்கள். ஏன்?

2018 செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை மாலை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஃப்ரிக் பூங்காவை ஒட்டிய குழந்தைகள் விளையாட்டுத் திடலுக்கு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். மேட்டுச் சரிவில் கட்டப்பட்ட நீல நிறச் சறுக்கு ஒன்று அங்கே உண்டு. அதனால் உள்ளூர்க்காரர்களுக்கு அந்த இடம் ‘புளூ ஸ்லைடு பார்க்’. மெழுகுவத்தி ஏற்றினார்கள், பூ வைத்தார்கள், பாட்டைப் போட்டுவிட்டு வரிக்கு வரி கூடவே பாடினார்கள்.

நான்கு நாள் முன்பு, செப்டம்பர் 7-ம் தேதி, லாஸ் ஏஞ்சலஸின் ஸ்டூடியோ சிட்டி பகுதியில் உள்ள தன் வீட்டில் மேக் மில்லர் இறந்து கிடந்தார். அவருடைய முதல் ஆல்பத்தின் பெயர் ‘புளூ ஸ்லைடு பார்க்’. துக்கம் விசாரிக்க அவர் வீட்டுக்குப் போக முடியாதவர்கள், அவர் சிறுவனாக விளையாடிய இடத்துக்கு வந்தார்கள்.

பிரபலம் ஒருவர் இளம் வயதில் இறந்தால் கூட்டம் கூடுவதும் கண்ணீர் வடிப்பதும் வழக்கம்தான். சில மாதங்களில் அந்த அலை ஓய்ந்துவிடும். மேக் மில்லர் விஷயத்தில் அது ஓயவில்லை. 2020-ல் ஓர் ஆல்பம், 2021-ல் பழைய மிக்ஸ்டேப் ஒன்றின் மறுவெளியீடு, 2025-ல் இன்னொரு ஆல்பம் என்று ஒவ்வொன்றும் வரும்போது ரசிகர்கள் அதைப் புதிய வெளியீடாக மட்டும் பார்க்கவில்லை. வெகுநாள் தகவல் இல்லாத நண்பனிடமிருந்து கடிதம் வந்ததைப்போல வாங்கிக்கொண்டார்கள்.

இதற்கு மரணம் மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. அவர் பாட்டுகளில் நிறைந்திருந்தது வாழ்வதற்கான முயற்சி. ரசிகர்கள் கைவிட மறுப்பது அந்த முயற்சியைத்தான்.

கூடவே வளர்ந்தவர்கள்

இயற்பெயர் மால்கம் ஜேம்ஸ் மெக்கார்மிக். 1992 ஜனவரி 19 அன்று பிட்ஸ்பர்க்கில் பிறந்தார். அப்பா கட்டடக் கலைஞர், அம்மா புகைப்படக் கலைஞர். பியானோ, கிட்டார், டிரம்ஸ், பேஸ் எல்லாவற்றையும் சின்ன வயதிலேயே தானாகப் பழகிக்கொண்ட பையன். 15 வயதில் ‘ஈஸி மேக்’ என்ற பெயரில் முதல் மிக்ஸ்டேப்பை வெளியிட்டார்.

பெரும் கவனம் கிடைத்தது 2010 ஆகஸ்டில் வந்த ‘கே.ஐ.டி.எஸ்.’ மிக்ஸ்டேப்புக்கு. இணையத்தில் இலவசமாக வந்த தொகுப்பு அது. அவர் பள்ளியை முடித்த நேரம். நண்பர்கள், புது ஷூ, வீட்டில் சூடாக்கித் தின்னும் பீட்சா, இரவெல்லாம் அரட்டை என்று 18 வயதின் உலகம் அப்படியே பாட்டில் இருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ‘புளூ ஸ்லைடு பார்க்’ வந்தது. முதல் வாரத்திலேயே சுமார் 1,44,000 பிரதிகள் விற்று, பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம். பெரிய நிறுவனங்களின் விநியோகம் இல்லாமல் சுயேச்சையாக வந்த ஓர் அறிமுக ஆல்பம் அந்த இடத்தைப் பிடித்தது 1995-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

ரசிகர்கள் கொண்டாடிய அதே ஆல்பத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பிட்ச்ஃபோர்க் இதழ் 10-க்கு 1 மதிப்பெண் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 19. அந்தக் காலத்தின் அழுத்தத்தையும், போதைப் பழக்கம் தன்னைப் பிடித்துக்கொண்டதையும் பின்னாளில் பேட்டிகளில் அவரே வெளிப்படையாகப் பேசினார்.

அடிபட்ட இடத்திலிருந்து அவர் தன் இசையைத் திரும்பக் கட்டினார். லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்து, வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்தார். ஏர்ல் ஸ்வெட்ஷர்ட், வின்ஸ் ஸ்டேபிள்ஸ், தண்டர்கேட், ஸ்கூல்பாய் கியூ போன்ற கலைஞர்கள் அங்கே வந்துபோனார்கள். ‘லாரி ஃபிஷர்மேன்’ என்ற புனைபெயரில் மற்றவர்களுக்கும் இசை அமைத்தார். வின்ஸ் ஸ்டேபிள்ஸின் 2013-ம் ஆண்டு மிக்ஸ்டேப் ‘ஸ்டோலன் யூத்’ அப்படி உருவானது. அதே ஆண்டு ‘வாட்சிங் மூவீஸ் வித் த சவுண்ட் ஆஃப்’, 2014-ல் இருட்டும் குழப்பமும் மண்டிய 24 பாட்டுகளோடு ‘ஃபேசஸ்’, 2015-ல் விழித்தெழும் முனைப்போடு ‘குட் ஏ.எம்.’, 2016-ல் முழுக்க முழுக்கக் காதலைப் பேசும் ‘த டிவைன் ஃபெமினின்’, 2018 ஆகஸ்ட் 3-ல் ‘ஸ்விம்மிங்’.

இந்த வரிசையை ஒரு ரசிகரின் பக்கத்திலிருந்து பாருங்கள். 2010-ல் பள்ளிச் சீருடையில் இருந்தவர், 2014-ல் கல்லூரி விடுதியில் தூக்கம் வராமல் புரள்கிறார். 2016-ல் காதலிக்கிறார். 2018-ல் பிரிவு, வேலை, வாடகை, காரணம் புரியாத சோர்வு. ஒவ்வொரு கட்டத்திலும் அவர் வயதுக்காரர் ஒருவர், அதே கட்டத்தில் நின்றுகொண்டு, ஹெட்போனுக்குள் பேசிக்கொண்டிருந்தார். பதின்வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டுகள்தான் வாழ்நாள் முழுதும் மனதில் அழுத்தமாகத் தங்கும் என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். மேக் மில்லரின் எட்டு ஆண்டு இசைப் பயணம் ஒரு தலைமுறையின் அந்த ஆண்டுகள்மீது அப்படியே பொருந்திவிட்டது. அவர் போனபோது, தாங்கள் வளர்ந்த காலத்துக்குச் சாட்சியாக இருந்த ஒருவரையே அவர்கள் இழந்தார்கள்.

உபதேசம் இல்லாத பாட்டு

துயரத்தைப் பாடியவர்கள் எத்தனையோ பேர். மேக் மில்லரின் கடைசிக் காலப் பாட்டுகளில் தனியாகத் தெரிவது, அவர் எங்கே நின்று பாடினார் என்பது. ‘நான் மீண்டுவிட்டேன், நீயும் மீண்டு வா’ என்று கரையில் நின்று கை நீட்டவில்லை. ‘எல்லாம் முடிந்தது’ என்றும் கைவிடவில்லை. நடு நீரில் இருந்துகொண்டு, இன்றைக்கு எவ்வளவு தூரம் வர முடிந்தது என்று மட்டும் சொன்னார். கடைசி ஆல்பத்துக்கு ‘ஸ்விம்மிங்’ என்ற பெயர் அவ்வளவு பொருத்தம்.

அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு ‘கம் பேக் டு எர்த்’. சொந்த மண்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்ட ஒருவரின் புலம்பல் அது. ஆனால் குரல் உயர்வதே இல்லை. ‘2009’ என்ற பாட்டு, புகழ் வருவதற்கு முந்தைய ஆண்டை நினைத்துப் பார்க்கிறது. வயலின்களின் நீண்ட முகப்புக்குப் பிறகு அவர் பேச ஆரம்பிக்கும்போது ஏக்கம் இருக்கிறது, கசப்பு இல்லை. போன காலத்துக்கு நன்றி சொல்லிவிட்டு இருக்கிற காலத்தோடு சமாதானம் செய்துகொள்ளப் பார்க்கும் மனம் அது. மனச்சோர்வில் இருப்பவருக்கு ‘தைரியமாக இரு’ என்ற வார்த்தை பல நேரம் கூடுதல் சுமை. ‘எனக்கும் இன்று கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் வீட்டைக் கொஞ்சம் ஒதுங்கவைத்தேன்’ என்று யாராவது சொன்னால் நெஞ்சு சற்று இளகும். மேக் மில்லர் சொன்னதெல்லாம் இந்த அளவிலான விஷயங்கள்தான்.

அவருடைய குரலுக்கும் இதில் பங்கு உண்டு. கரகரப்பான, சற்றுத் தூக்கக் கலக்கமான, உள்ளே எங்கோ ஒரு சிரிப்பை வைத்திருக்கும் குரல். பயிற்சி பெற்ற பாடகரின் துல்லியம் அதில் கிடையாது. சில சுருதிகளை அவர் தொட்டும் தொடாமலும் போவார். அதனாலேயே யார் வேண்டுமானாலும் கூடச் சேர்ந்து பாடலாம்.

2018 ஆகஸ்டில் அமெரிக்க வானொலியான என்.பி.ஆரின் ‘டைனி டெஸ்க்’ நிகழ்ச்சியில், புத்தக அலமாரிகள் சூழ்ந்த ஓர் அலுவலக மூலையில் நின்று மூன்று பாட்டுகள் பாடினார். தண்டர்கேட் ஒரு பாட்டுக்கு பேஸ் வாசித்தார். கடைசியில் ‘2009’-க்கு நான்கு நரம்பிசைக் கலைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். இடையிடையே அவர் விளையாட்டாகப் பேசுகிறார், சிரிக்கிறார். கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்ட அந்தக் காணொளி வெளியான ஒரு மாதத்தில் அவர் உயிரோடு இல்லை. அவரைப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

பெட்டியை உடைத்து வெளியே வந்தவர்

அவர் இறந்ததும் பலர் ‘ஸ்விம்மிங்’ ஆல்பத்தைத் திரும்பக் கேட்டு, வரிக்கு வரி மரணத்தின் அறிகுறியைத் தேடினார்கள். ‘செல்ஃப் கேர்’ பாட்டின் வீடியோவை முக்கிய ஆதாரமாகக் காட்டினார்கள். அதில் அவர் மரப் பெட்டி ஒன்றுக்குள் புதைந்து கிடக்கிறார். மரணத்தை மறவாதே என்று பொருள்படும் லத்தீன் சொற்களைக் கத்தியால் பலகையில் செதுக்குகிறார். முன்கூட்டியே எல்லாம் தெரிந்திருக்கிறது என்று உலகம் உச்சுக்கொட்டியது.

அந்த வீடியோவை முழுதாகப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடப்பது தெரியும். அவர் பலகையைக் குத்தி உடைக்கிறார். மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி வருகிறார். தன்னைத் தானே பார்த்துக்கொள்வது பற்றிய பாட்டுக்குப் புதைகுழியிலிருந்து வெளியேறும் காட்சியைத்தான் அவர் வைத்தார். முடிவு நமக்குத் தெரிந்துவிட்டதால், நடுவில் அவர் செய்ததை எல்லாம் அந்த முடிவுக்கான ஒத்திகையாக மாற்றிவிடுகிறோம். அது அவருக்குச் செய்யும் அநீதி.

செப்டம்பர் 6-ம் தேதி, அவர் இறப்பதற்கு முந்தைய நாள், வல்ச்சர் இதழில் அவரைப் பற்றிய விரிவான கட்டுரை வெளியானது. இசையில் கறாராக உழைக்கும் ஒருவரை அதில் பார்க்கலாம். அக்டோபரில் பெரிய இசைச் சுற்றுப்பயணம் தொடங்கவிருந்தது. ‘ஸ்விம்மிங்’கின் துணை ஆல்பத்துக்கான வேலை பாதி நடந்திருந்தது. அவர் கையில் இருந்தவை எல்லாம் நாளைக்கான வேலைகள்.

அந்த மாத்திரை

2018 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டப் பிரேதப் பரிசோதனை அலுவலகம் முடிவை அறிவித்தது. ஃபென்டனில், கொக்கைன், மது மூன்றும் கலந்ததால் நேர்ந்த தற்செயல் மரணம். ஆக்ஸிகோடோன் என்ற வலி நிவாரணியின் பெயரில் விற்கப்பட்ட போலி மாத்திரைகளில் ஃபென்டனில் கலந்திருந்ததை விசாரணை வெளிக்கொண்டுவந்தது. ஃபென்டனில் ஹெராயினைவிடச் சுமார் 50 மடங்கு வீரியமானது. உப்புக்கல் அளவு கூடிப்போனால் மூச்சு நின்றுவிடும். இந்த வழக்கில் 2019-ல் மூவர்மீது குற்றம்சாட்டப்பட்டது. 2022-ல் ஒருவருக்கு 17 ஆண்டுகளுக்கு மேல், இன்னொருவருக்கு ஏறத்தாழ 11 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அவர் தனி ஆள் கிடையாது. 2018-ல் மட்டும் அமெரிக்காவில் 67,000-க்கும் மேற்பட்டவர்கள் மருந்து, போதைப்பொருள் மிகையால் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு லில் பீப், அடுத்த ஆண்டு ஜூஸ் வேர்ல்டு என்று 21 வயதே ஆன இரு ராப்பர்கள் இதே வழியில் போனார்கள். மேக் மில்லரின் பாட்டைக் கேட்டு அழுகிறவர்களில் பலர், அதே மாத்திரைகளுக்கு ஓர் அண்ணனையோ தோழியையோ பறிகொடுத்தவர்கள். அவர்களுக்கு இது நட்சத்திரம் ஒன்றின் கதையாகத் தோன்றவில்லை. தங்கள் வீட்டில் பேசப்படாமல் போன ஒன்றை இந்தக் குரல் பேசியது.

போதையை அவர் அலங்கரித்தாரா என்ற கேள்வி நியாயமானது. தொடக்கக் காலப் பாட்டுகளில் அது விளையாட்டாக வரத்தான் செய்கிறது. ஆனால் வளர வளர அவர் அதன் விலையைச் சொன்னார். 2016-ல் வெளியான ‘ஸ்டாப்ட் மேக்கிங் எக்ஸ்க்யூசஸ்’ ஆவணப்படத்தில், போதையில் செத்துப்போவதில் எந்தப் பெருமையும் இல்லை என்ற கருத்தை அவரே அழுத்தமாகச் சொல்லியிருக்கிறார். ரசிகர்கள் நெஞ்சில் வைத்திருக்க வேண்டிய மேக் மில்லர் அவர்.

பாதியில் நின்றதை முடித்தவர்

‘ஸ்விம்மிங்’குக்குத் துணையாக அவர் மனதில் இருந்த ஆல்பம் ‘சர்க்கிள்ஸ்’. இரண்டையும் சேர்த்துச் சொன்னால், வட்டமாகவே நீந்திக்கொண்டிருப்பது என்று பொருள் வரும். அவரோடு அதில் வேலை செய்துகொண்டிருந்தவர் ஜான் பிரையன், ‘எட்டர்னல் சன்ஷைன் ஆஃப் த ஸ்பாட்லெஸ் மைண்ட்’ படத்துக்கு இசை அமைத்தவர். மேக் மில்லரோடு பேசிய பேச்சுகளை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு அவர் ஆல்பத்தை முடித்தார். 2020 ஜனவரி 17 அன்று, மேக் மில்லரின் 28-வது பிறந்தநாளாக இருந்திருக்க வேண்டிய தேதிக்கு இரண்டு நாள் முன்னால், குடும்பத்தினர் அதை வெளியிட்டார்கள்.

இறந்தவரின் பெயரில் வரும் ஆல்பங்கள் பெரும்பாலும் ரசிகர்களைச் சங்கடப்படுத்தும். பழைய குரல் துணுக்குகளை ஒட்டிப்போட்டு, பிரபலங்களைச் சேர்த்து, சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். ‘சர்க்கிள்ஸ்’ அப்படி இல்லை. ராப் குறைவு, பாட்டு அதிகம். குரலைச் சுற்றி நிறைய வெற்றிடம் விட்டிருந்தார் பிரையன். ‘குட் நியூஸ்’ பாட்டில், நல்ல செய்தியை மட்டுமே கேட்க விரும்பும் உலகத்தின் முன் களைத்து நிற்கும் ஒருவர் தெரிகிறார். வெளிவந்து இரண்டு மாதத்தில் கொரோனா உலகத்தையே வீட்டுக்குள் அடைத்தது. தனி அறையில், ஒரே மாதிரியான நாள்களில் சுற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஆல்பத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

‘ஃபேசஸ்’ 2021 அக்டோபரில் முறையாக மறுவெளியீடு கண்டது. 2014-ஐ ஒட்டி உருவாகி, திருட்டுத்தனமாக இணையத்தில் உலவிக்கொண்டிருந்த ‘பலூனரிசம்’ 2025 ஜனவரி 17 அன்று ஓர் அனிமேஷன் படத்தின் துணையோடு வந்தது. குடும்பத்தினர் எதையும் அவசரப்பட்டு வெளியிடவில்லை. ரசிகர்களின் துக்கத்துக்குக் காட்டிய மரியாதை அது.

புதிதாகக் கேட்பவர்களுக்கு

* ஸ்விம்மிங் (2018): இங்கிருந்து தொடங்குங்கள். 13 பாட்டுகளையும் வரிசை மாற்றாமல் கேளுங்கள்.
* சர்க்கிள்ஸ் (2020): அதே மனநிலையின் தொடர்ச்சி, ராப் பிடிக்காதவர்களுக்கும் பிடிக்கும்.
* த டிவைன் ஃபெமினின் (2016): ஜாஸும் ஃபங்கும் கலந்த காதல் ஆல்பம்.
* கே.ஐ.டி.எஸ். (2010): கவலையில்லாத பையன்; பின்னால் வந்ததை அறிந்தபின் கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கும்.
* ஃபேசஸ் (2014): கனமானது. மனம் தெளிவாக இருக்கும் நாளில் கேட்பது நல்லது.

துக்கம் செய்யும் வேலை

முகம் பார்த்திராத ஒருவருக்காக வருடக்கணக்கில் வருந்துவது மிகை என்று சிலருக்குத் தோன்றலாம். இழப்பை ஆராய்ந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. இறந்தவரை மனதிலிருந்து வெட்டிவிட்டு நகர்வதுதான் ஆரோக்கியம் என்ற பழைய எண்ணத்தை, 1996-ல் டென்னிஸ் கிளாஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ‘தொடரும் பந்தம்’ என்ற கருத்தால் கேள்விக்குள்ளாக்கினார்கள். இறந்தவரோடு உறவை வேறு வடிவத்தில் வைத்துக்கொண்டே வாழ்வது இயல்பு என்றார்கள் அவர்கள். 2014-ல் லிலா தருஃபி, ஸ்டீபன் கோல்ஷ் இருவரும் 772 பேரிடம் நடத்திய ஆய்வில், சோகப் பாட்டு கேட்கும்போது மிக அதிகமாக எழும் உணர்வு பழைய நினைவின் ஏக்கம் என்று தெரியவந்தது. சோகப் பாட்டு மனதை ஒழுங்குபடுத்திக்கொள்ளவும், ஆறுதல் தேடவும் உதவுவதாகப் பலர் சொன்னார்கள்.

மேக் மில்லரின் ரசிகர்கள் செய்வது இதைத்தான். பாட்டு ஓடும் மூன்று நிமிடத்தில் அவரையும் நினைக்கிறார்கள், அந்தப் பாட்டை முதலில் கேட்ட தங்களையும் நினைக்கிறார்கள். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஒரே அழுகை.

இதே அன்பு தடம் மாறியதும் உண்டு. பாடகி அரியானா கிராண்டேவும் அவரும் காதலித்து, 2018 மே மாதம் பிரிந்தார்கள். அவர் இறந்ததும் இணையத்தில் ஒரு கூட்டம் பழியை அந்தப் பெண்மீது போட்டது. தாக்குதல் தாங்காமல் இன்ஸ்டாகிராமில் பின்னூட்டப் பகுதியையே அவர் மூடினார். 2017-ல் மான்செஸ்டரில் அரியானாவின் இசை நிகழ்ச்சியில் குண்டு வெடித்து 22 பேர் பலியானபோது, அடுத்த மாதம் அதே ஊரில் நடந்த நினைவு நிகழ்ச்சியில் அவருக்குத் துணையாக மேடையேறியவர் மேக் மில்லர். அவர் நேசித்த பெண்ணை அவர் பெயரைச் சொல்லி அடிப்பது எந்த வகையிலும் அஞ்சலி ஆகாது. ஒருவரின் போதை நோய்க்கு அவரைவிட்டு விலகியவர் பொறுப்பில்லை.

அஞ்சலி என்றால் என்ன என்பதை நண்பர்களும் குடும்பமும் காட்டினார்கள். 2018 அக்டோபர் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸின் கிரீக் தியேட்டரில் அவரோடு இசைத்தவர்கள் கூடிப் பாடினார்கள். அவர் பெயரில் பிட்ஸ்பர்க் அறக்கட்டளையின் வழியாக ஒரு நிதியம் தொடங்கப்பட்டது. வாய்ப்புக் குறைந்த இளைஞர்களின் கலைப் பயிற்சிக்குத் துணையாகத் தொடங்கிய அது, போதைப் பழக்கத்தோடு போராடுகிறவர்களுக்கான பணிகளுக்கும் கை கொடுக்கிறது. ஃபென்டனில் போன்ற மருந்துகளின் மிகையை முறிக்கும் நலாக்ஸோன் மூக்குத் தெளிப்பானை மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்க 2023 மார்ச்சில் அமெரிக்க அரசு அனுமதித்தது. அந்த மருந்தைப் பையில் வைத்திருப்பது எந்த மெழுகுவத்தியைவிடவும் பெரிய அஞ்சலி.

அவர் விட்டுப்போனது

மேக் மில்லரின் பாட்டு யாருக்கும் சிகிச்சை ஆகாது. அது மருத்துவரின் வேலை, குடும்பத்தின் வேலை, அரசின் வேலை. ஆனால் சிகிச்சைக்கு முன் ஒரு படி இருக்கிறது: ‘எனக்கு முடியவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்வது. ஆண்கள் கெத்தாக மட்டுமே தெரிய வேண்டும் என்று நெடுங்காலம் எதிர்பார்த்த ராப் உலகத்தில், அந்த வாக்கியத்தை வெட்கமில்லாமல், இனிமையாக, சில நேரம் சிரித்துக்கொண்டே சொன்னவர்களில் அவர் ஒருவர். அவர் பாட்டைக் கேட்டுத்தான் தன் நிலைமையைச் சொல்ல ஒரு மொழி கிடைத்தது என்று உணரும் இளைஞர்களுக்கு, அதுவே வாழ்நாள் கடனாகிவிடுகிறது.

அந்தக் கடனைத் திருப்பித் தர ஒரு வழி உண்டு. அவர் பாட்டை முடிவு தெரிந்த சோகக் கதையாகக் கேட்காமல், அடுத்த நாளை விரும்பிய ஒருவரின் வேலையாகக் கேட்க வேண்டும். அதைக் கேட்கும்போது நம் மனதில் வரும் நண்பர் யாரோ, வழக்கத்தைவிட மௌனமாகிவிட்டவர், கூப்பிட்டால் ‘நல்லாருக்கேன்’ என்று சீக்கிரம் வைத்துவிடுகிறவர், அவருக்கு இன்றைக்கே போன் செய்ய வேண்டும். நல்ல செய்தி இருந்தால்தான் பேச வேண்டும் என்பதில்லை, எதுவாக இருந்தாலும் சொல் என்று அவரிடம் சொல்ல வேண்டும். மேக் மில்லருக்கு இனி நாம் எதையும் கொடுக்க முடியாது. அவரைப்போல நீந்திக்கொண்டிருப்பவர்களுக்குக் கொடுக்க முடியும்.